நெடுந்தீவுக் கற்களும் எங்கள் காணியும்

புவியியல் பாடத்தில் பாறைகள் பற்றிய அலகு வரும்போது எங்கள் வகுப்பில் எல்லோரும் முதலில் படங்களைத்தான் பார்ப்போம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆர்ச்சஸ் என்றொரு தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கே செந்நிற மணற்கல் வானத்தில் வாசல் கட்டியது போல வளைந்து நிற்கிறது. மடகஸ்காரில் சிங்கி என்று அழைக்கப்படும் பூங்காவில் சுண்ணாம்புக்கல் ஊசி ஊசியாக எழுந்து கால் வைக்க இடமில்லாமல் நிற்கிறது. சீனாவின் யுனான் மாகாணத்தில் அதே சுண்ணாம்புக்கல் ஒரு காடு போல நிற்பதால் அதற்குக் கற்காடு என்றே பெயர். எங்கள் நாட்டிலும் குறைவில்லை. சீகிரியாவை யாருக்குத்தான் தெரியாது? யால தேசியப் பூங்காவுக்குப் போய்வந்தவர்கள் யானையின் உருவில் படுத்திருக்கும் பாறையின் முன்னால் நின்று படம் எடுக்காமல் திரும்புவதில்லை.

"வடக்கில் இப்படி ஒன்றும் இல்லையா டீச்சர்?" என்று ஒரு தோழி கேட்டாள். டீச்சர் சுவரில் தொங்கிய இலங்கைப் படத்தில் புத்தளத்தில் விரலை வைத்தார். கரையோரமாக மன்னாரைத் தொட்டு யாழ்ப்பாணம் வரை இழுத்தார். "நாட்டின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய பளிங்குருப் பாறை. இந்த விளிம்பு மட்டும் வேறு. இது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். இது நிமிர்ந்து நிற்காது, படுத்துக் கிடக்கும். அதனால் யாரும் படம் எடுப்பதில்லை" என்றார்.

படுத்துக் கிடக்கும் அந்தக் கல்லைப் பார்க்க எனக்குக் கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் நாங்கள் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டது கல் பார்ப்பதற்காக அல்ல. ஒரு காணியை விற்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்காக.

என் உம்மம்மா யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்தவர். 1990 ஒக்டோபர் மாத இறுதியில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, யாழ் நகரத்தில் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். உம்மம்மா என் உம்மாவை ஒரு கையிலும் ஒரு துணிப்பையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். அந்தப் பைக்குள் காணி உறுதி இருந்தது. அன்றிலிருந்து நாங்கள் புத்தளத்துக்காரர். நான் பிறந்ததும் படிப்பதும் இங்கேதான். யாழ்ப்பாணம் என்பது எனக்கு உம்மம்மாவின் பேச்சில் வரும் ஓர் ஊர்.

இந்த வருடம் அந்தக் காணியை வாங்க ஒருவர் முன்வந்தார். மாமாவுக்கு விற்க விருப்பம். "முப்பது வருசத்துக்கு மேல ஆகுது. யார் போய் இருக்கப் போறது?" என்பது அவருடைய கேள்வி. விற்றால் அவருடைய வீட்டு வேலையும் முடியும், என் மேற்படிப்புக்கும் ஒரு தொகை ஒதுக்கலாம் என்றார். உம்மா பதில் சொல்லாமல் உம்மம்மாவைப் பார்த்தார். உம்மம்மா, "ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்" என்று மட்டும் சொன்னார். வாப்பா ஒரு வான் பிடித்தார். போகிற போக்கில் தீவுகளையும் பார்க்கலாம் என்று தம்பி அடம்பிடித்ததால், காணிக்குப் போவதை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொண்டோம்.

பண்ணைப் பாலத்தால் நகரத்தை விட்டு வெளியேறியதும் இரண்டு பக்கமும் முழங்காலளவு ஆழத்துக் கடல். மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு என்று ஒரு தீவின் வாலைப் பிடித்து அடுத்த தீவின் தலைக்கு ஏறுவது போல வீதி போகிறது. பனைமரங்கள், மூடிக் கிடக்கும் பெரிய வீடுகள், உப்புப் பூத்த தரவைகள். குறிகட்டுவான் இறங்குதுறையில் வீதி முடிகிறது. அங்கிருந்து நெடுந்தீவுக்குப் படகில் ஒரு மணித்தியாலம்.

ஓகஸ்ட் மாதம் சோளகக் காற்று வீசும் காலம். படகு ஏறி இறங்கிய ஒவ்வொரு தடவையும் உம்மா ஓதிக்கொண்டே இருந்தார். உம்மம்மாவோ பக்கத்தில் இருந்த நெடுந்தீவு அம்மா ஒருவருடன் கதையில் இறங்கிவிட்டார். குமுதினிப் படகின் கதையை அந்த அம்மாதான் சொன்னார். 1985 மே 15ஆம் திகதி அந்தப் படகில் போய்க்கொண்டிருந்த பொதுமக்கள் கடலின் நடுவே கொல்லப்பட்டார்கள். மாவிலித்துறையில் நாங்கள் இறங்கியபோது அவர்களுடைய நினைவுத் தூபியை அந்த அம்மா கையால் காட்டினார். உம்மம்மா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு, "எல்லாருக்கும் ஒவ்வொரு கணக்கு இருக்கு மகள்" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

நெடுந்தீவில் இறங்கியதும் முதலில் கண்ணைத் தாக்குவது வெளிச்சம். நிலம் வெள்ளை, வீதியோரம் வெள்ளை. வெயில் மேலிருந்து மட்டுமல்ல, கீழிருந்தும் வருகிறது. அடுத்து கண்ணில் படுபவை வேலிகள். யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலி பார்த்திருப்பீர்கள், தகர வேலி பார்த்திருப்பீர்கள். இங்கே எல்லாம் கல்வேலி. இடுப்பளவு உயரத்தில், சில இடங்களில் நெஞ்சளவு உயரத்தில், சாம்பல் நிறமும் வெள்ளையுமான முருகைக்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வீடு, தோட்டம், மேய்ச்சல் நிலம் எல்லாவற்றையும் சுற்றி மைல் கணக்கில் ஓடுகின்றன. சீமெந்து இல்லை. சுண்ணாம்புச் சாந்தும் இல்லை. வெறும் கல்.

நான் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு கல்லைக் கிட்டப் பார்த்தேன். அதன் முகத்தில் சின்னச் சின்னக் குழிகள் பூப்போல வரிசையாக இருந்தன. தேன்கூட்டை நினைவுபடுத்தும் குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு காலத்தில் ஓர் உயிரின் வீடு. முருகை என்பது செடி அல்ல, மிகச் சிறிய விலங்கு. கடல் நீரிலிருந்து கல்சியத்தை எடுத்து, தனக்கென்று ஒரு சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுகிறது. அது இறந்தபின் அதன் கூட்டின்மேல் அடுத்தது கட்டுகிறது. இப்படிக் கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் வீடுமேல் வீடாகக் கட்டி விட்டுப்போனதைத்தான் நாங்கள் கல் என்கிறோம். கடல் மட்டம் இறங்கியபோது அது வெளியே வந்து நிலமானது. அதற்கும் கீழே, டீச்சர் காட்டிய மயோசீன் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. மயோசீன் காலம் என்பது ஏறத்தாழ 2 கோடி 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம்.

"உதில என்ன பிள்ளை பாக்கிறீங்கள்? இஞ்ச கல்லைத் தவிர என்ன கிடக்கு?" என்று ஓட்டோக்கார அண்ணை சிரித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மண் வெட்டினால் கல். கிணறு தோண்டினால் கல். தோட்டம் செய்ய வேண்டுமென்றால் முதலில் கல்லைப் பொறுக்க வேண்டும். பொறுக்கிய கல்லை எங்கே போடுவது? எல்லையில் அடுக்கினார்கள். அது வேலியானது. ஆடு மாடு உள்ளே வராமலும் தடுத்தது, சோளகக் காற்றையும் தணித்தது.

கொஞ்சத் தூரம் போனதும் ஒரு முதியவர் தன் வளவின் சரிந்த வேலியைத் திருத்திக்கொண்டிருந்தார். வாப்பா ஸலாம் சொல்வது போலக் கையை நெஞ்சில் வைத்து வணக்கம் சொன்னதும் அவர் வேலையை நிறுத்தினார். எப்படி இது விழாமல் நிற்கிறது என்று நான் கேட்டேன்.

"எப்பவும் ரெண்டு கல்லுக்கு மேல ஒரு கல்லை வைக்கோணும் பிள்ளை. ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சால் பிளந்து போகும். பெரிய கல்லு அடியில. இடையில சின்னக் கல்லுச் செருகோணும், இறுக்கிச் செருகக் கூடாது. காத்துப் போக வழி விடோணும். வழி விடாட்டி காத்து வேலியைத் தள்ளிப் போடும்."

அவர் ஒரு கல்லை எடுத்துக் கையில் இரண்டு தடவை திருப்பினார். அது எந்தப் பக்கமாக உட்கார விரும்புகிறது என்று பார்க்கிறவர் போல. வைத்தார். கல் அசையவில்லை. உம்மம்மா அதை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதைச் செய்யிற ஆக்கள் இப்ப இருக்கினமா?" என்று கேட்டார். "நானும் இன்னும் ரெண்டு மூண்டு பேரும்தான். பெடியள் எல்லாம் வெளியில போயிட்டாங்கள்" என்றார் அவர். திரும்பும் வழியில் நான் கவனித்தேன். சரிந்து குவியலாகக் கிடக்கும் வேலிகள் எத்தனையோ. அவற்றின் பின்னால் ஆளில்லாத வளவுகள். கல் தானாகக் கைவிட்டுப் போவதில்லை. அடுக்கிய கைகள் இல்லாமல் போகும்போதுதான் அது சரிகிறது.

நெடுந்தீவில் பார்க்க வருபவர்களுக்கு அண்ணை ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்க மரம், வளரும் கல், பெரிய காலடி, குதிரை. தீவுக்கு டெல்ஃப்ற் என்று தங்கள் நாட்டு நகரத்தின் பெயரை வைத்தவர்கள் ஒல்லாந்தர்தான். வேலணைக்கு லெய்டன் என்று வைத்ததும் அவர்களே. ஆனால் கோட்டையைக் கட்டியவர்களுக்கு வேறு நாட்டுக் கல் தேவைப்படவில்லை. இதே முருகைக்கல்லைச் சுவராக வைத்து, இதே கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிச் சாந்தாகப் பூசியிருக்கிறார்கள். கூரை போய்விட்டது. சுவர்கள் நிற்கின்றன. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையும் இப்படிக் கட்டியதுதான். போர்த்துக்கேயர் தொடங்கியதை 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள்.

பெருக்க மரத்தின் பொந்துக்குள் தம்பியும் நானும் உம்மாவும் ஒன்றாக நின்றோம். அரபு வணிகர்கள் கொண்டுவந்த மரம் என்று ஊரில் சொல்கிறார்கள். "அப்ப இது எங்கட சொந்தக்காரர்" என்றான் தம்பி. அண்ணை உட்பட எல்லோரும் சிரித்தோம்.

வளரும் கல்லுக்கு ஊர் மக்கள் மரியாதை செய்கிறார்கள். நிமிர்ந்து நிற்கும் ஒரு முருகைக்கல். வருடத்துக்கு வருடம் உயர்கிறது என்பது நம்பிக்கை. நான் அதைத் தொடாமல் நின்று பார்த்தேன். அறிவியலின்படி இறந்த முருகைக்கல் வளராது. ஆனால் உயிரோடு கடலுக்குள் இருந்த காலத்தில் இந்தக் கல் உண்மையாகவே வளர்ந்ததுதான். மலைநாட்டுக் கருங்கல்லைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பெயர் வைத்தவர்கள் பாடப்புத்தகம் படித்திருக்கமாட்டார்கள். இருந்தாலும் இலங்கையில் 'வளர்ந்த கல்' என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இந்தக் கல்லைத்தான் சொல்ல வேண்டும்.

பெரிய காலடி என்பது பாறையில் மனிதப் பாதம் போன்ற ஒரு பள்ளம். முன்னொரு காலத்தில் வாழ்ந்த மிக உயரமான மனிதனின் சுவடு என்கிறார்கள். சுண்ணாம்புக்கல்லுக்குப் பள்ளம் விழுவது இயல்பு. மழை நீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாகிறது. அது தேங்கி நிற்கும் இடத்தில் கல் மெதுவாகக் கரையும். வீதியோரம் கிடந்த ஒரு சில்லுக் கல்லில், உம்மா வாந்திக்காகக் கொண்டுவந்த தேசிக்காயைப் பிழிந்து தம்பிக்குக் காட்டினேன். சின்னக் குமிழிகள் எழுந்தன. "கல்லு மூச்சு விடுது" என்றான். அது விடும் மூச்சு காபனீரொட்சைட்டுத்தான்.

இந்தக் கரைசல்தான் எங்கள் வடக்கின் பெரிய அதிசயம் என்று எனக்கு அப்போது புரிந்தது. மடகஸ்காரில் சுண்ணாம்புக்கல் நிலத்துக்கு மேலே உயர்ந்து நின்றதால், மழை அதை மேலிருந்து செதுக்கி ஊசியாக்கியது. எங்களுடையது தாழ்ந்து, கிடையாகக் கிடப்பதால் வேலை எல்லாம் கீழே நடக்கிறது. வெடிப்புகள், குகைகள், நிலத்தடி வாய்க்கால்கள். புத்தூர்ப் பக்கத்தில் இருக்கும் நிலாவரைக் கிணறு அப்படிக் கூரை இடிந்து திறந்த ஒரு குழிதான். கீரிமலையில் கடலோரத்தில் நன்னீர் ஊறுவதும் இதனால்தான். அழகை நிலத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கும் பாறை இது. படம் எடுக்க முடியாது, குடிக்கத்தான் முடியும்.

லுஹர் நேரத்தில் ஒரு வீட்டார் தங்கள் கிணற்றில் வுழுச் செய்துகொள்ளச் சொன்னார்கள். வாப்பா வாளியால் அள்ளி ஊற்ற, நான் வாய் கொப்பளித்தேன். இலேசான உவர். "இது நல்ல தண்ணி. கடற்கரைப் பக்கம் போனால் வாயில வைக்கேலாது" என்றார் அந்த வீட்டு அம்மா. சாறாப்பிட்டிப் பக்கத்து நன்னீர்க் கிணறுகளைப் பற்றியும் சொன்னார். சுற்றிவரக் கடல், நடுவில் எப்படி நல்ல தண்ணீர்? மழை நீர் கல்லின் துளைகளுக்குள் இறங்குகிறது. கீழே கடல் நீரும் அதே துளைகளுக்குள் வந்திருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது, ஆகவே உவர்நீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. தலைகீழாகப் பாருங்கள். மோட்டார் போட்டு இறைத்து நன்னீரை 10 சென்ரிமீற்றர் இறக்கினால், கீழேயிருந்து உவர் 4 மீற்றர் ஏறி வரும். ஒரு தடவை உவர் ஏறிய கிணறு திரும்ப நல்ல தண்ணீருக்கு வர நெடுநாள் எடுக்கும். அந்த அம்மா இந்தக் கணக்கைப் படித்தவர் அல்ல. ஆனால் எனக்கு வாளியைத் தரும்போது, "பாத்து ஊத்துங்கோ பிள்ளை" என்றார். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பல் துலக்கும் எனக்கு அந்தச் சொல் போதுமானதாக இருந்தது. பயணியின் தொழுகையாகச் சுருக்கித் தொழுதோம். பாய் விரித்த இடத்தில் கூட நெற்றிக்குக் கீழே கல் தெரிந்தது.

மாலையில் தெற்குப் பக்கம் போனோம். இங்கே வேலிகள் முடிந்து பெரிய வெளி தொடங்குகிறது. நெடுந்தீவின் ஒரு பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. யாலவைப் போல ஜீப் வண்டிகளின் வரிசை இல்லை. காய்ந்த புல், காற்று, தூரத்தில் மட்டக்குதிரைகள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை. அவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் தங்கிவிட்டன. ஒரு தாயும் குட்டியும் தண்ணீர்த் தொட்டியருகே தலை குனிந்து நின்றன. கடற்கரையில் மணல் இல்லை. முருகைக்கல் தட்டுத்தட்டாகக் கடலுக்குள் இறங்குகிறது. அலை அடித்து அடித்து அதன் விளிம்பைப் பல் பல்லாக அரித்திருக்கிறது. ஒவ்வொரு அலைக்கும் கல்லின் துவாரங்களிலிருந்து காற்றுச் சீறிக்கொண்டு வெளியேறியது. பள்ளங்களில் தேங்கிய நீரில் விரலளவு மீன்கள். யூட்டாவின் வளைவுகள் அளவுக்குப் பெரியது ஒன்றும் இல்லை. ஆனால் குனிந்து பார்த்தால் ஒரு சாண் அகலத்துக்குள் மலை, பள்ளத்தாக்கு, குகை, வளைவு எல்லாம் இருந்தன. தம்பி ஒரு வெள்ளைக் கல்லை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டான். "பூங்காவிலிருந்து ஒன்றும் எடுக்கக் கூடாது" என்று வாப்பா சொன்னதும் திரும்ப வைத்தான். கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதும் இன்று சட்டப்படி தடை. கல்லை எடுத்துவிட்டால் அலைக்கு முன்னால் நிற்க வேறு காவல் இல்லை.

மறுநாள் நயினாதீவு. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் பள்ளிவாசலும் ஒரே சிறிய தீவில் இருக்கின்றன. கோயிலில் ஒரு கல்வெட்டு இருப்பதை எங்கள் தமிழ் ஆசிரியை முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் காலத்தது. அவன் ஆட்சி 1153 முதல் 1186 வரை. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னன், கல்வெட்டின் மொழியோ தமிழ். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். ஊர்காவற்றுறையில் வந்திறங்கும் வெளிநாட்டு வணிகருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உரியவருக்கு. மற்றச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. கடலில் எல்லாவற்றையும் இழந்து கரையேறிய அந்நியனுக்கும் அவனுடைய பொருளில் உரிமை உண்டு என்று எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். படகில் திரும்பும்போது இதை உம்மம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டு, "உரியவனுக்கு எண்டு எழுதிக் கிடக்கா?" என்று இரண்டாவது தடவையும் கேட்டார். "ஓம் உம்மம்மா" என்றேன்.

மூன்றாம் நாள் சோனகதெரு. ஒழுங்கையின் முடிவில் பற்றை மூடிய ஒரு வளவு. கூரை இல்லை, கதவு இல்லை, நிலை இல்லை, யன்னல் இல்லை. ஆனால் சுவர்கள் என் தோளளவுக்கு நின்றன. பூச்சு உதிர்ந்த இடங்களில் உள்ளே இருந்த கல் தெரிந்தது. வெள்ளைச் சுண்ணாம்புக்கல். கிட்டப் போய்ப் பார்த்தபோது, அதிலும் சிப்பி ஒன்றின் தடம் இருந்தது.

உம்மம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அத்திவாரத்தின் கோட்டைப் பார்த்தே அறை அறையாக நடந்தார். "இது மண்டபம். இது உங்கட உம்மா பிறந்த அறை. இது குசினி. இதில நிண்டுதான் நான் பள்ளி வாங்குக்குக் காது குடுப்பன்." இதுவரை நான் கேட்ட கதைகள் எல்லாம் காற்றில் மிதந்த வீடு ஒன்றைப் பற்றியவை. அன்று அந்த வீடு நிலத்தில் இறங்கியது. எந்தக் கதவு வழியாக எங்கே போகலாம் என்று எனக்கும் தெரிந்தது. கிணற்றை எட்டிப் பார்த்தோம். இலைகள் மிதந்தன. அடியில் தண்ணீர் இருந்தது.

வாப்பா தொலைபேசியில் மாமாவுடன் பேசினார். மாமா சொன்ன தொகை சிறியதல்ல. என் படிப்பைப் பற்றியும் பேச்சு வந்தது. அப்போது நான் குறுக்கிட்டேன். பெரியவர்கள் பேசும்போது பேசும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் கேட்டேன். "என் படிப்புக்காக இதை விற்க வேண்டாம் வாப்பா. நான் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கிறேன். இன்ஷா அல்லாஹ் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் புவியியல் கிடைத்தால் இங்கேதான் வந்து நிற்பேன்." உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த ஊரை விட்டு அழுதுகொண்டு போன ஒரு பிள்ளையின் மகள், இந்த ஊருக்குப் படிக்க வருவேன் என்று சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லாமல் என் ஹிஜாபில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்துவிட்டார்.

நான் உம்மம்மாவுக்கு இன்னொன்றும் சொன்னேன். புத்தளத்தில் எங்கள் வீட்டுக்கு அடியில் இருப்பதும் இந்தப் பாறைதான். அறுவக்காட்டில் வெட்டிப் புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோவதும், ஒரு காலத்தில் காங்கேசன்துறைத் தொழிற்சாலைக்கு வெட்டியதும் ஒரே மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மன்னார் வழியாக நிலத்துக்குக் கீழே தொடர்ந்து வருகிறது. "அப்ப நான் முப்பது வருசமா வேற கல்லுக்கு மேல இருக்கேல்லையா?" என்றார். "இல்லை உம்மம்மா." அவர் சிரித்தார். பிறகு, "அது கல்லுக்குச் சரி. ஆனா பக்கத்து வீட்டு ஆக்கள் வேற தானே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. புவியியல் சொல்லித் தருவதற்கும் ஓர் எல்லை உண்டு.

தோழிகளே, பெற்றோர்களே, காணிப் பேச்சு இன்னும் முடியவில்லை. மாமாவின் கஷ்டமும் உண்மையான கஷ்டம். இந்த வருடம் விற்பதில்லை, அடுத்த வருடம் மீண்டும் பேசுவோம் என்ற அளவில் நிற்கிறது. எங்களில் பலருடைய வீடுகளில் இப்படி ஓர் உறுதி அலுமாரிக்குள் இருக்கும். இருப்பதா, விற்பதா என்பதை ஒவ்வொரு குடும்பமும் தன் நிலைமையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். நான் கேட்பது ஒன்றுதான். முடிவெடுப்பதற்கு முன் மூத்தவர்களை அழைத்துக்கொண்டு ஒரு தடவை போய்ப் பாருங்கள். எந்த அறை எது என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். சுவர் இருக்கிறது என்பதற்காக அதைச் சொல்லும் வாய் எப்போதும் இருக்காது.

நாங்கள் புறப்படுவதற்கு முன் வீதிப் பக்கத்து மதில் சரிந்து கிடந்த இடத்தை வாப்பாவும் தம்பியும் துப்புரவாக்கினார்கள். கல் நல்ல கல், அங்கேயே குவிந்து கிடந்தது. வாப்பா ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார். உம்மம்மா தடியை ஊன்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். "அப்பிடி இல்ல தம்பி. ரெண்டு கல்லுக்கு மேல ஒண்டு. காத்துக்கு வழி விடுங்க" என்றார்.

முழங்காலளவு வரை அடுக்கினோம். இருட்டிவிட்டது.